சாவி போட்டும் உயிர் வராத பைக்: மின்சாரம் எங்கே நின்றது என்று தேடிப் பிடிப்பது எப்படி?

காலையில் அவசரமாகக் கிளம்பி வந்து சாவியைத் திருப்பினால் நியூட்ரல் பச்சை எரியவில்லை. ஹாரன் இல்லை, மீட்டர் இருட்டு, செல்ஃப் பட்டனை அமுக்கினால் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. நேற்று இரவு நிறுத்தும்போது வண்டி நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் "பேட்டரி போயிடுச்சு" என்று முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில சமயம் அதோடு சரியாகிவிடும். பல சமயம் புது பேட்டரியும் இரண்டு வாரத்தில் படுத்துவிடும், ஏனென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ஒரு போல்ட்டை இறுக்கினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிச் செலவு செய்திருக்கிறேன். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

பைக் வயரிங் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பாதை எளிது. மின்சாரம் பேட்டரியின் பிளஸ்ஸில் கிளம்பி மெயின் ஃபியூஸைத் தாண்டும், இக்னிஷன் சாவிக்கு வரும், அங்கிருந்து விளக்கு, ஹாரன், இன்ஜின் என்று பிரியும், வேலை முடிந்ததும் சேஸிஸ் வழியாக மைனஸுக்குத் திரும்பும். இந்த வட்டத்தில் ஓரிடம் அறுந்தாலும் மொத்தமும் செத்துவிடும். பேட்டரியில் தொடங்கி, பாதையோடு நடந்து போய், எதுவரை 12 வோல்ட் வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கையில் என்ன வேண்டும்?

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களில் எலக்ட்ரிகல் கடையிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதோடு பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், உங்கள் வண்டிக்கு ஏற்ற இரண்டு ஃபியூஸ். இன்னொன்று, 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பல்பின் அருமை ஃபியூஸ் பகுதியில் தெரியும்.

முதலில் அறிகுறியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எதுவுமே எரியவில்லை என்றால் பேட்டரி, மெயின் ஃபியூஸ், சாவி, எர்த் (மைனஸுக்குத் திரும்பும் வழி) இந்த நான்கில் ஒன்று, அல்லது இவற்றை இணைக்கும் வயர். விளக்கு எரிகிறது, ஆனால் செல்ஃப் அமுக்கியதும் மங்கி 'டக் டக்' என்கிறது என்றால் பேட்டரி பலவீனம் அல்லது லூஸ் காண்டாக்ட். ஓடும்போது அணைகிறது, அல்லது சார்ஜ் போட்ட பேட்டரி மறுபடி மறுபடி இறங்குகிறது என்றால் சார்ஜிங் கோளாறு அல்லது எங்கோ கசிவு.

விளக்கு, ஹாரன் எல்லாம் நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் எடுக்கவில்லையா? கில் ஸ்விட்சையும் சைடு ஸ்டாண்டையும் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கில் ஸ்விட்ச் இன்ஜினை மட்டும்தான் நிறுத்தும், விளக்கைத் தொடாது. ஆகவே மொத்த வண்டியும் இருட்டாக இருக்கும்போது அதைச் சந்தேகிக்க வேண்டாம்.

பழைய 100 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும். அவற்றில் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக எரியும். "ஹெட்லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்ற கணக்கு அங்கே செல்லாது.

பேட்டரி: போஸ்ட்டிலும் அளக்கவும், வயர் முனையிலும் அளக்கவும்

சீட்டையோ பக்கவாட்டுக் கவரையோ கழற்றி பேட்டரியை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். சாவி ஆஃபில் இருக்கட்டும்.

12.6 முதல் 12.8 வரை காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு இருக்கிறது. 12-க்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய காலி. 10.5 பக்கத்தில் நின்றுகொண்டு, சார்ஜ் போட்டாலும் ஏற மறுத்தால் உள்ளே ஒரு செல் போய்விட்டது: ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் ஆறு செல், அதில் ஒன்று குறைந்தால் அந்தக் கணக்குதான் வரும். அப்படிப்பட்ட பேட்டரியோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்து செய்வதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதலில் மீட்டர் முனையை பேட்டரியின் ஈயப் போஸ்ட் மேலேயே வைத்து அளந்தீர்கள் அல்லவா, இப்போது அதில் மாட்டியிருக்கும் வயரின் வளையத்தில் வைத்து, சாவியை ஆன் செய்து அளந்து பாருங்கள். போஸ்ட்டில் 12.6 காட்டி, அரை சென்டிமீட்டர் தள்ளி வளையத்தில் 3 வோல்ட் காட்டினால் பேட்டரிமேல் தப்பே இல்லை. இரண்டுக்கும் நடுவே பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடிதான் குற்றவாளி. கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

சுத்தம் செய்ய, மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். இது சடங்கு இல்லை. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் நேரடி ஷார்ட், தீப்பொறி பறக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் இந்தக் கரைசல் மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாக உரசி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

வோல்ட் சரியாக இருந்தாலும் பேட்டரியை முழுதாக நம்பிவிட வேண்டாம். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அமுக்கிப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது. 12.5-லிருந்து ஒரேயடியாக 8, 7 என்று விழுந்தால் அந்த பேட்டரியில் எண் இருக்கிறது, தெம்பு இல்லை.

சார்ஜ் போடுவதென்றால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் நிதானமாகப் போடுங்கள். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். வழியில் நின்றுவிட்டால் காரிலிருந்து வயர் கொடுத்து எடுக்கலாம், கார் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். லாரி, பஸ்ஸிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது. அவை பெரும்பாலும் 24 வோல்ட். நல்ல மனதோடு உதவ வரும் டிரைவர் அண்ணனிடம் இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் அது நடக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கும் மின்சாரம் வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் எவ்வளவு தூரம் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம். ஸ்டார்ட் ஆன வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டாம். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி இ.சி.யு.வையே பதம் பார்த்துவிடும்.

ஃபியூஸ்: மாற்றுவது சுலபம், ஏன் போனது என்பதே கேள்வி

பேட்டரி சரி என்றால் அடுத்தது மெயின் ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலோ, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்டார்ட்டர் ரிலேவின் தலையிலோ இருக்கும். நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், மயிரிழை விரிசல் தெரியாது. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ஃபியூஸின் இரண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். இரு பக்கமும் 12 வந்தால் ஃபியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் போய்விட்டது. ஃபியூஸ் உட்காரும் சாக்கெட்டும் கருகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை நீர் இறங்கிப் பச்சை பிடிக்கும் இடம் அது.

புது ஃபியூஸ் போட்டதும் அதுவும் போய்விட்டால் எங்கோ ஷார்ட். இங்கேதான் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளும் செம்புக் கம்பியும் வெளியே வரும். கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், அந்த வயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடுகிறது.

அதற்குப் பதிலாக நம் 21 வாட் பல்பை எடுங்கள். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே பல்பின் வயர்களைக் கொடுங்கள். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் இந்தப் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது, எதுவும் கருகாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். சாவி ஆஃபில் இருக்கும்போதே பளிச்சென்று எரிந்தால், கோளாறு ஃபியூஸுக்கும் சாவிக்கும் நடுவில். சாவி ஆன் செய்த பிறகு மட்டும் எரிந்தால் சாவிக்கு அப்பால். அப்போது ஹெட்லைட் கப்ளரை (வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) முதலில் கழற்றிவிடுங்கள், அதுவே நிறைய இழுக்கும். அப்புறம் டெயில் லைட், ஹாரன், பிரேக் ஸ்விட்ச், இண்டிகேட்டர் என்று கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் பல்பு சட்டென்று மங்குகிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில்தான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்பு ஓட முயலும் சில நொடிகள் பல்பு எரிந்து அடங்குவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அதிகமாக ஷார்ட் ஆகும் இடங்கள்: பின் மட்கார்டுக்கு அடியில் டெயில் லைட் வயர் உரசும் இடம், ஹேண்டில் கழுத்து, எலி கடித்த டேங்க் அடிப்பகுதி, அப்புறம் பின்னால் சேர்த்த ஃபாக் லைட், ஏர் ஹாரன், மொபைல் சார்ஜர். கடைசியில் சொன்னவற்றை முதலில் பாருங்கள். கம்பெனி வயரிங்கை நடுவில் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிய ஒட்டுகள் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

சாவி ஸ்விட்ச்

ஃபியூஸைத் தாண்டி 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் வண்டி இருட்டு என்றால் சாவிக்குப் போங்கள். சாவியிலிருந்து இறங்கும் வயர்களைப் பின்பற்றினால் ஹெட்லைட் கூட்டுக்குள்ளோ டேங்க் முன்பக்கமோ ஒரு கப்ளரில் முடியும். அதில் ஒரு வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், இன்னொன்றில் சாவியைத் திருப்பியதும் வர வேண்டும். ஹோண்டா, ஹீரோ ஹோண்டா வழி வண்டிகளில் சிவப்பு எப்போதும் இருக்கும் மின்சாரம், கறுப்பு சாவிக்குப் பிறகு வருவது, பச்சை எர்த். மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். உள்ளே வருகிறது, வெளியே வரவில்லை என்றால் ஸ்விட்ச் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து சாவியைப் பத்துப் பதினைந்து முறை திருப்பினால் சில சமயம் உயிர் வரும். வந்தாலும் அதை ஊர் போய்ச் சேரும்வரைக்கான தீர்வாக மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்விட்சை மாற்றிவிடுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்

என் வண்டியில் நடந்தது இது. ஒரு மழைக்காலத்தில் அவ்வப்போது மொத்தமும் அணைந்து, தானாக வரும். ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த வாரம் திரும்பவும் அணைந்தது, ஃபியூஸ் சாக்கெட்டை மாற்றினார்கள். மூன்றாவது முறை வேறொரு கடையில், வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் எந்த ஸ்பேனரையும் எடுக்காமல் சாவியை ஆன் செய்யச் சொன்னார்.

"தம்பி, ஹேண்டிலை இடது பக்கம் மெல்லத் திருப்புங்க."

திருப்பினேன். பாதி தூரத்தில் நியூட்ரல் விளக்கு ஒரு முறை இமைத்தது, கடைசிவரை திருப்பியதும் அணைந்தது. நேராக்கினேன், எரிந்தது. அவர் ஹெட்லைட்டுக்குப் பின்னால், வயர்கள் கழுத்தோடு வளையும் இடத்தில் கறுப்பு உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தார். சிவப்பு வயரின் மேல்தோல் புதுசு போல இருந்தது. அவர் அதை விரலால் மடக்கியபோது ஓரிடத்தில் மட்டும் நூல் போலத் துவண்டது. தோலை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன, பிடித்துக்கொண்டிருந்தவை இரண்டே இழை. சாணளவு வயர் வெட்டிப் போட்டு, ஈயம் வைத்து, குழாய் மாட்டிச் சுருக்கினார். அந்தக் கோளாறு பிறகு வரவே இல்லை.

அன்றிலிருந்து சாவி ஸ்விட்சைப் பிரிப்பதற்கு முன்பே ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிடுகிறேன். ஒரு நிமிஷ வேலை. சாவி ஆனில் இருக்க, சீட்டுக்கு அடியிலும் டேங்க் ஓரத்திலும் இருக்கும் வயர்க் கட்டுகளைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். எங்கே அசைத்தால் விளக்கு இமைக்கிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள்.

எர்த்: யாரும் பார்க்காத வழி

போகும் வழியை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த வயர் இன்ஜினுக்கோ சேஸிஸுக்கோ போய் ஒரு போல்ட்டில் முடியும். அங்கே துரு, சேறு, பெயின்ட் இருந்தால் மின்சாரம் திரும்ப வழியில்லை. சேஸிஸுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து வந்த வண்டிகளில் இதை முதல் சந்தேகமாகவே வையுங்கள்.

சோதிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் போஸ்ட்டிலும் இன்னொன்றை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அமுக்குங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை உரசி மாட்டுங்கள்.

'டக்' சத்தம் மட்டும் வந்தால்

பேட்டரி நன்றாக இருந்து செல்ஃப் 'டக்' என்று ஒரே ஒரு முறை சொல்லி நின்றால் ஸ்டார்ட்டர் ரிலேவைப் பாருங்கள். அதில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும், ஒன்று பேட்டரிக்கு, மற்றது மோட்டாருக்கு. வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். செல்ஃப் அமுக்கும்போது மோட்டார் பக்கப் போல்ட்டிலும் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ரிலே நல்லது, மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பேட்டரி பக்கம் இருந்து மோட்டார் பக்கம் வரவில்லை என்றால் ரிலே போய்விட்டது. சத்தமே இல்லை என்றால் கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், செல்ஃப் பட்டன் என்று பின்னால் நடந்து வாருங்கள்.

வண்டி எடுத்துவிட்டது, ஆனால் சார்ஜ் ஆகிறதா?

பேட்டரி இறங்கியதால்தான் வண்டி நின்றது என்றால் வேலை இன்னும் முடியவில்லை. அது ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, பேட்டரியில் மீட்டரை வைத்து, 4000, 5000 ஆர்.பி.எம். வரை முறுக்குங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறி அங்கேயே நின்றால் சார்ஜிங் சரி. 12.5-லேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், காயிலின் மின்சாரத்தை டிசியாக மாற்றி அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதற்கும் அதுதான் காரணம்.

ஏறவில்லை என்றால் முதலில் ரெக்டிஃபையர் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் கருகியிருப்பதை நிறையப் பார்க்கலாம். அது சுத்தமாக இருந்தால் மேக்னட் காயில். மூன்று வயர் வரும் வண்டிகளில், இன்ஜினை அணைத்து, கப்ளரைப் பிரித்து, மூன்றில் எந்த இரண்டை அளந்தாலும் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ, மூன்று முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு காட்டக் கூடாது, காட்டினால் காயில் போய்விட்டது. அப்புறம் ஸ்டார்ட் செய்து மீட்டரை ஏசிக்கு மாற்றி இரண்டிரண்டு வயராக அளங்கள். முறுக்க முறுக்க மூன்று ஜோடியும் சமமாக ஏற வேண்டும். ஏறினால் காயில் நல்லது, குறை ரெக்டிஃபையரில். வேகமாக முறுக்கும்போது இந்த வயர்களில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும், வெறும் கையால் தொட வேண்டாம்.

2017 ஏப்ரலிலிருந்து இங்கே வரும் புது இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்வரும் ஓட்டத்தில், செல்ஃப் தின்றது திரும்ப ஏறாது. கோளாறே இல்லாமல் பேட்டரி இறங்குகிறதென்றால் உங்கள் ஓட்டம் போதவில்லை. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

நிற்கும்போது யார் தின்கிறார்கள்?

சார்ஜிங் சரியாக இருந்தும் நாலு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் கசிவு. சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரி மைனஸுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே கொடுங்கள். சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் மாற்றிச் செருக மறக்க வேண்டாம். எண் மிகச் சிறியதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். இந்த நேரத்தில் சாவியைத் திருப்பவோ செல்ஃப் அமுக்கவோ கூடாது, மீட்டரே போய்விடும்.

கடிகாரத்துக்கும் மீட்டர் நினைவுக்குமாகச் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 50 காட்டுகிறதா? ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போகிறது, 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி நாலு நாளில் காலி. ஜி.பி.எஸ். டிராக்கர், திருட்டு அலாரம், பேட்டரியிலிருந்து நேராக எடுத்த யு.எஸ்.பி. சார்ஜர் இவற்றைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ரெக்டிஃபையர் கப்ளரைப் பிரியுங்கள். எண் விழுந்தால் அதன் உள்ளேதான் கசிகிறது.

எல்லாம் மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி, ஒரு முறை நன்றாக ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஓட்டி வந்த உடனே அளந்தால் எண் பொய்யாக உயர்ந்திருக்கும், ஒரு மணி நேரம் கழித்து அளந்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். மறுநாள் காலை சாவி போடுவதற்கு முன் இன்னொரு முறை அளங்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சீட்டை மாட்டிவிடலாம்.